அறையைவிட்டு வெளியே போவது எது?

உயிரியல் பட்டறை என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும்தான் நினைவுக்கு வருகின்றன. தேனி மாவட்டத்தில் அது நடக்கும் இடங்கள் வேறு. வைக்கோலை ஊறவைத்துப் பாலிதீன் பையில் அடுக்கிச் சிப்பிக்காளான் வளர்க்கக் கற்றுக்கொள்ளும் மகளிர் குழுவின் கூடம் ஓர் உயிரியல் பட்டறை. சாணமும் கோமியமும் தயிரும் சேர்த்துப் பஞ்சகவ்யம் கலக்கும் தோட்டத்துத் தகரக் கொட்டகை இன்னொன்று. காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பில் கண்மாய்த் தண்ணீரைப் பார்க்கும் வகுப்பறையும், விரல் பதித்த அகர் தட்டில் என்ன முளைத்திருக்கிறது என்று மூன்றாம் நாள் கூடிப் பார்க்கும் அறிவியல் முகாமும் அந்த வரிசையில் சேரும். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தின் கன்னிவாடி வட்டாரத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மகளிர் குழுக்கள் பயிர்நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சையைத் தாங்களே பெருக்கி விவசாயிகளுக்கு விற்றிருக்கின்றன. இவற்றை யாரும் ஆய்வகம் என்று சொல்வதில்லை. அதனாலேயே, ஆய்வகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை இவற்றைப் பார்த்துக் கேட்கவும் தோன்றுவதில்லை. கேட்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். தொடக்கநிலைப் பட்டறையின் பாதுகாப்பைக் கையுறையிலும் முகக்கவசத்திலும் தேடத் தொடங்கினால் பாதிக் காரியம் தவறிப்போகும். எதைப் பெருக்கப் போகிறோம், அறையைவிட்டு எது வெளியே போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு, முதல் அழைப்பிதழ் போவதற்கு முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் பதிலிலிருந்து தாமாகவே வந்துவிடும்.

இதற்கு வலுவான சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. 2010 ஆகஸ்டு முதல் 2011 ஜூன் வரை அங்கே 38 மாநிலங்களில் 109 பேர் ஒரே வகைச் சால்மொனெல்லா கிருமியால் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரித்தபோது, நோயுற்றவர்களில் பலரை இணைத்தது நுண்ணுயிரியல் ஆய்வகம் என்று தெரிந்தது. பாடம் படிக்கப் போன மாணவர்களும் பணியாளர்களும் அவர்களில் இருந்தார்கள். கிருமியின் மரபு அடையாளமோ, ஆய்வகங்களுக்கு விலைக்குக் கிடைக்கும் ஒரு வகையோடு பொருந்தியது. ஆய்வகத்தில் காலே வைக்காத சிறு குழந்தைகளும் நோயுற்றிருந்தார்கள் என்பதுதான் இதில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஆய்வகத்தில் படித்தார், அல்லது வேலை பார்த்தார். அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2012இல் கற்பித்தல் ஆய்வகங்களுக்கென்று தனி வழிகாட்டி வெளியிட வேண்டிவந்தது. அப்படியும் 2014இல் 41 பேர், 2017இல் 24 பேர் என்று இதே கதை திரும்பியது. அந்த வகுப்புகளில் படித்தவர்கள் கவனமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வழி மிகச் சாதாரணமானது. சோதனை மேசையில் கிடந்த பேனா சட்டைப்பைக்குப் போகிறது, நோட்டு பைக்குள் போகிறது, படம் எடுத்த கைப்பேசி வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் கைக்குப் போகிறது. அங்கே வளர்க்கப்பட்டது பெயரும் குணமும் நன்றாகத் தெரிந்த கிருமி. தெரிந்த கிருமியே வாசலைத் தாண்டி இவ்வளவு தூரம் போகும் என்றால், என்னவென்றே தெரியாததை வளர்க்கும் பட்டறை இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். சாணம் அள்ளியே வளர்ந்தவர்கள் நாம். அன்றாடம் மாவைக் கையால் கரைத்துப் புளிக்கவைக்கிறோம். தட்டில் முளைக்கிற நாலு கிருமிக்கா பயப்படுவது? இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். இட்லி மாவு மிக நம்பகமான ஓர் உயிரியல் செயல்முறை. உளுந்தோடு வரும் லியூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவை அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்பு வேறு பல கிருமிகளைத் தலையெடுக்க விடுவதில்லை. பிறகு மாவு ஆவியில் வேகிறது. புளிப்பு ஒரு காவல், ஆவி இன்னொரு காவல். சத்துள்ள அகர் தட்டில் இந்த இரண்டு காவலும் கிடையாது. வந்தவர்க்கெல்லாம் அது சோறு போடும். நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைச் சுமக்கிறோம். மூக்கில் அது அடங்கிக் கிடக்கிறது. மூக்கைத் தொட்ட விரலைத் தட்டில் பதித்தால், அதில் ஒட்டிய ஒற்றைச் செல் ஓரிரு நாளில் கோடிக்கணக்கில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடுகிறது. விரலில் இருந்ததும் தட்டில் இருப்பதும் ஒரே உயிரிதான், ஆனால் அளவு மாறிவிட்டது. நோய் தொற்றுவதில் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. சாணத்தின் கதையும் இப்படித்தான். தலைமுறைகளாகச் சாணம் அள்ளியிருக்கிறோம். அதே தலைமுறைகள்தான் மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் வித்துகளால் வரும் ரணஜன்னிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. அதைப் பெருமளவு தடுத்தது தடுப்பூசி. பழக்கத்துக்கு அதில் பங்கில்லை.

அமெரிக்க வழிகாட்டி இந்த அளவுக் கணக்கை வைத்தே ஒரு கோடு போடுகிறது. கை, கைப்பேசி, மண் என்று சூழலிலிருந்து எடுத்ததைத் தட்டில் வளர்த்து, மூடி ஒட்டியபடியே பார்த்துவிட்டு அழித்தால் அது முதல்நிலை வேலை. மூடியைத் திறந்து, ஒரு புள்ளியை எடுத்து வேறு தட்டில் வளர்த்தால் அது இரண்டாம்நிலை. பயிற்சி பெற்றவரும் அதற்கேற்ற அறையும் வேண்டும். இந்தக் கோட்டை நம் பட்டறைகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அப்படி எடுக்க முடியாது. பிரிட்டனில் பள்ளிகளுக்குச் சொல்லும் அறிவுரை, தட்டை உடல் வெப்பமான 37 டிகிரியில் வைக்காதீர்கள், 25 டிகிரியை ஒட்டிய அறை வெப்பம் போதும் என்பது. மனித உடலுக்குப் பழகிய கிருமிகள் அந்த வெப்பத்தில் மந்தப்படும் என்பது காரணம். குளிர்நாட்டில் இது அருமையான யோசனை. சித்திரை மாதத்துக் கம்பத்தில், உத்தமபாளையத்தில், மின்விசிறி ஓடும் அறையே 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். மதியத்தில் உடல் வெப்பத்தை எட்டும். இங்கே ‘அறை வெப்பத்தில் வைக்கவும்’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால், விலக்கச் சொன்ன வெப்பத்திலேயே வளர்த்ததாகிவிடும். ஆகவே கோடை விடுமுறை முகாமில் விரல்தட்டுச் சோதனையை விட்டுவிட்டு ஈஸ்ட், தயிர், வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது, நிலக்கடலை வேர்முடிச்சைப் பிளந்து பார்ப்பது என்று போவதே நல்லது. தட்டு வேண்டுமென்றால் மார்கழியில் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை பேசியது மனித உடலைப் பற்றி. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அதற்குச் சமமாக இன்னொன்றையும் பேசியாக வேண்டும். உலக சுகாதார அமைப்பின் இடர்ப் பிரிவுகளில் முதல் பிரிவு என்பது, மனிதருக்கோ விலங்குக்கோ நோய் தர வாய்ப்பில்லாத நுண்ணுயிர்கள். வாழையை வாட வைக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையை அந்த அளவுகோலால் அளந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே வரும். வாழை விவசாயிக்கோ அதைவிடப் பெரிய கவலை கிடையாது. கேவண்டிஷ் குடும்பத்து வாழைகள் இந்தப் பூஞ்சையின் முதல் இனத்தைத் தாங்கி நிற்கும் என்று நெடுநாள் நம்பப்பட்டது. அந்த இனத்தின் வீரியமான வகை ஒன்று கேவண்டிஷையே தாக்குவதைத் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் 2010இல் அறிவித்தார்கள். அது கண்டறியப்பட்ட இடம் தேனி மாவட்டம். இன்னும் கடுமையான டி.ஆர்.4 வகை பிகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வந்துவிட்டது. இந்தப் பூஞ்சையின் தடித்த சுவருள்ள வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டிய மண், மண்வெட்டி, பக்கக்கன்று, பாசன நீர் எல்லாம் அதற்கு வாகனம். லோயர்கேம்ப்பில் இறங்கும் முல்லைப் பெரியாற்று நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வரிசையாகப் பாய்ந்து போகிறது. இருபோக நெல்லுக்கு மட்டும் 14,707 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. மேலே விழுந்தது கீழே வந்துசேரும் நிலம் இது. திசு வளர்ப்பில் வரும் கிராண்ட் நைன் என்ற கேவண்டிஷ் வாழை எல்லாம் ஒரே மரபின் படிகள். பன்னீர்த் திராட்சைக் கொடிகளும் வெட்டுக்குச்சியிலிருந்து வளர்ந்தவை. ஒரு தோட்டத்தைச் சாய்க்கும் நோய் பக்கத்துத் தோட்டத்தைச் சாய்க்காது என்று சொல்ல மரபில் எந்த வேறுபாடும் இல்லை.

இப்போது ஒரு டிரைக்கோடெர்மா பயிற்சியை எண்ணிப் பாருங்கள். தட்டின் ஒரு பக்கம் டிரைக்கோடெர்மா, மறுபக்கம் ஃபியூசேரியம். நாலைந்து நாளில் பச்சைப் பூஞ்சை மறுபக்கத்தின் மீது ஏறிப் படர்வதைக் கண்ணால் காட்டலாம். எந்தச் சொற்பொழிவும் தராத நம்பிக்கையை அந்தத் தட்டு தரும். நடத்துபவருக்கு அந்த ஆசை வருவது நியாயம். ஆனால் அதற்காக வாடல் பூஞ்சையைச் சின்னமனூரில் ஒரு சமுதாயக் கூடத்தில் வளர்ப்பதா? இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியது காட்சிதான் என்பது என் முடிவு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி போன்ற, கழிவை முறையாக அழிக்க ஏற்பாடுள்ள ஆய்வகத்தில் அந்தத் தட்டை வளர்க்கச் சொல்லி, நாளுக்கொரு படமாக எடுத்துக்காட்டினால் கற்க வேண்டியது பெருமளவு கிடைத்துவிடும். அதே காரணத்தால் பயிற்சி அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்க வேண்டும்: வாடிய வாழைக் கிழங்கையோ தோட்டத்து மண்ணையோ எடுத்துவர வேண்டாம், படம் போதும். அந்த வரி இல்லாவிட்டால் நல்ல விவசாயி கட்டாயம் எடுத்துவருவார். தன் வாழைக்கு என்ன வந்தது என்று தெரிந்துகொள்ளத்தானே அவர் வருகிறார். செருப்பைக் கூடத்துக்கு வெளியே விடும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. திரும்பும்போது மண் ஒட்டிய செருப்பைக் கழுவிப் போக, வாய்க்காலுக்கு ஓடாத ஓரிடத்தில் ஒரு வாளி தண்ணீரும் தேய்க்கும் பிரஷும் இருந்தால் போதும்.

டிரைக்கோடெர்மாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவித்த சோளத்தில் வெள்ளையாகப் படர்ந்து பச்சையாக மாறும் என்று சொல்லித்தருகிறோம். அவித்தது போதாமலோ கை பட்டோ அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுழைந்தால் அதுவும் வெள்ளையாகத்தான் தொடங்கும், மஞ்சள் கலந்த பச்சையாகத்தான் முடியும். அதில் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கும். வித்துத்தூள் நுரையீரலுக்கும் ஆகாது. முதல்முறை பார்ப்பவரால் வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே, தாய்வித்து எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி, யார் தந்தது என்ற சீட்டு இல்லாத புட்டியைப் பட்டறையில் திறக்கக் கூடாது. சந்தேகம் வந்த பையை முகர்ந்து பார்ப்பது நம் கைப்பழக்கம். அந்த ஒரு பழக்கத்தை முதல் நாளே நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு நண்பனான டிரைக்கோடெர்மாவே காளான் வளர்ப்பவருக்கு எதிரி. படுக்கையில் பச்சைப் பூஞ்சை விழுந்தால் அறுவடை போயிற்று. இரண்டு பயிற்சிகளையும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த நாள் வைப்பவர்கள் இதை அட்டவணை போடும்போதே யோசிக்க வேண்டும். சிப்பிக்காளானும் முற்றவிட்டால் ஏராளமாக வித்துத்தூள் கொட்டும். மூடிய அறையில் அதை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் காய்ச்சலுமாக நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவ நூல்களில் பதிவானது. விரிந்து முற்றுவதற்கு முன் பறிக்கச் சொன்னால் விலையும் நன்றாகக் கிடைக்கும், மூச்சும் தப்பும்.

உயிரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஃபார்மலினும் ஸ்பிரிட்டும் கவனத்திலிருந்து நழுவிவிடும். வைக்கோலைத் தூய்மையாக்க 100 லிட்டர் தண்ணீரில் 125 மில்லி ஃபார்மலினும் 7.5 கிராம் கார்பென்டசிமும் கலந்து இரவு முழுக்க ஊறவைப்பது இந்தியாவில் பரவலாகக் கற்பிக்கப்பட்ட முறை. ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முடிவு செய்தது. வெந்நீரில் ஒரு மணி நேரம் அவித்தாலும் வைக்கோல் தயாராகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஃபார்மலினைக் கையாளக் கற்றுத்தருவதைவிட, ஃபார்மலினே இல்லாத முறையைக் கற்றுத்தருவது மேல். ஏனென்றால் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனபின் கையுறை தீர்ந்துவிடும், முறை தங்கும். நெருப்பும் அப்படியே. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரெனோ நகரத்து அறிவியல் அருங்காட்சியகத்தில், குழந்தைகள் முன்னால் தீச்சுழல் காட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய குப்பியிலிருந்து மெத்தனாலை ஊற்றப் போய்த் தீப்பற்றி 13 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். விசாரித்த வேதிப் பாதுகாப்பு வாரியம் சொன்ன முதன்மையான பாடம், எரியும் திரவத்தின் பெரிய குப்பி நிகழ்த்தும் மேசைக்கு வரவே கூடாது என்பது. ஸ்பிரிட் விளக்கின் சுடர் வெளிறிய நீலம். வெளிச்சமான கொட்டகையில் எரிவதே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துத் திரியை எடுத்து மறுபடி ஊற்றும் அந்தக் கணத்தில்தான் ஆபத்து. காலையிலேயே நிரப்பி, அன்றைக்கு மறுநிரப்பு இல்லை என்று வைத்துவிட்டால் அந்தக் கணமே வராது.

இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் யார் பட்டறை நடத்துவார்கள், இதையெல்லாம் பல்கலைக்கழகத்திடமே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. பயிர்நோயும் வயிற்றுப்போக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்பதில்லை. அவற்றைப் புரிந்துகொள்ளும் திறமும் அங்கேயே நின்றுவிடக் கூடாது. செலவும் பெரிதல்ல. சோப்பு, பிளீச்சிங் கரைசல், சமையலுக்குத் திரும்பவே போகாத தனிக் குக்கர், மேசையிலேயே தங்கிவிடும் பென்சில்கள் ஆகியவற்றின் விலை ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். நியூயார்க்கில் 2010இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட ஜென்ஸ்பேஸ் ஆய்வகமும் ஆபத்தற்ற முதல்நிலை உயிரிகளோடு நிறுத்திக்கொண்டு, ஆலோசனைக்கு வல்லுநர்களை வைத்துக்கொண்டே வளர்ந்தது. ஒரு வேலையை மட்டும் எந்த ஊர்க் கூடத்திலும் செய்யக் கூடாது: மரபணுவை மாற்றுவது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள்படி அதற்கு நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழு வேண்டும். சட்டம் இருக்கட்டும், அனுபவமும் அதையே சொல்கிறது. அமெரிக்காவிலிருந்து விற்பனைக்கு வந்த ஒரு வீட்டு மரபணுத் திருத்தப் பெட்டியை 2017இல் ஜெர்மனி சோதித்தபோது, தீங்கற்ற ஈ. கோலை இருக்க வேண்டிய இடத்தில் மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகள் இருந்தன. பயன்படுத்தியவர்களுக்கு நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு என்றே ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டது. ஆனாலும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல என்பதைத் தொடக்கநிலையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பாதுகாப்புத் திட்டம் ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைத் தேனிக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்குமாக ஆண்டுகள் கழிந்து, அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது இந்த நூலின் பொருள் அல்ல. நியூட்ரினோ உடலுக்குத் தீங்கு செய்யாது என்ற விளக்கம் திரும்பத் திரும்ப வந்தது. ஊர் கேட்டதோ பாறை வெடிப்பதையும் மலையையும் தண்ணீரையும் பற்றி. காளான் கூடம் அவ்வளவு பெரிய விஷயமல்ல என்றாலும், அந்தத் தெருவுக்கும் கேள்விகள் இருக்கும்: கழிவு எங்கே போகும், எங்கள் சாக்கடையில் என்ன ஊற்றுகிறீர்கள், ராத்திரி அந்த அறையைப் பூட்டுவீர்களா. முன்கூட்டியே அவற்றுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

நாளின் கடைசி அரை மணி நேரத்தை அட்டவணையில் தனியாக ஒதுக்குவது இவற்றில் எல்லாம் முக்கியம். மதுரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் முதலில் பறிபோவதும் அதுதான். தட்டுகளும் பைகளும் கட்டு தளர்ந்தபடி, நீராவி உள்ளே புகும் விதத்தில் குக்கரில் ஏற வேண்டும். விசில் வந்தபின் சிறுதீயில் முக்கால் மணி நேரம். மேசை பிளீச்சிங் கரைசலில் நனைந்து இருபது நிமிடம் கிடக்க வேண்டும். அதை ஃபார்மலினோடும் கழிப்பறை ஆசிடோடும் கலக்கவே கூடாது. டீயும் வடையும் வேறு அறையில், கை கழுவிய பிறகு. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயால் காலில் புண் உள்ளவர்கள், மருந்தால் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் யார் என்று கூட்டத்தில் கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அவர்களும் தயங்காமல் உட்காரும்படி எல்லா மேசைக்கும் ஒரே அளவில் பாதுகாப்பான உயிரியைத் தேர்ந்திருக்க வேண்டும். கிளம்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச்சீட்டு: இன்று கையாண்ட உயிரிகளின் பெயர், தேதி, நடத்தியவரின் கைப்பேசி எண், ஒரு வாரத்துக்குள் உங்களுக்கோ வீட்டுக் குழந்தைக்கோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் மருத்துவரிடம் இதைக் காட்டுங்கள் என்ற ஒரு வரி. அந்தச் சீட்டைப் பட்டறைக்கு முந்தைய வாரமே எழுதிப் பார்ப்பது நல்லது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘தெரியாது’ என்று எழுத நேர்ந்தால், அந்தச் சோதனையை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்.